ஈர்ப்பு வில்லை, இடைவெளியுடன்

3.3.2008, திங்கள்

காலையில் பனிமூட்டம். பத்து மணிக்குப் பிறகே நமுனுகுல மலை தெரிந்தது. துவைத்தது காயவில்லை.

முதலில் ஒரு திருத்தம். ஈர்ப்பு இல்லை என்று நான் எழுதவில்லை. பூமிக்கு இல்லை என்றும் எழுதவில்லை, விண்மீனுக்கு இல்லை என்றும் எழுதவில்லை. முப்பத்தொரு வருடம் பதுளையில் விஞ்ஞானம் படிப்பித்தவள் அப்படி எழுதுவாளா என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அதுதான் விசித்திரம்.

நடந்தது இது. ஆசிரியர்களுக்கான சஞ்சிகை, மாசி இதழ், பக்கம் 14. நான் கொடுத்த தலைப்பு: "ஈர்ப்பு வில்லை: ஒரு விண்மீன், இரு கோள்கள்". அச்சில் வந்தது: "ஈர்ப்பில்லை: ஒரு விண்மீன், இரு கோள்கள்". வில்லை என்றால் மூக்குக்கண்ணாடியில் இருப்பது, ஒளியை வளைப்பது. ஒரு விண்மீனின் ஈர்ப்பே வில்லையாக நின்று இன்னொன்றின் ஒளியை வளைக்கிறது என்பதுதான் கட்டுரை. 'பு'வும் 'வி'யும் ஒன்றாகி, நடுவில் இருந்த இடைவெளியும் போய், நான் பாடப்புத்தகத்துக்கே எதிரியாகிவிட்டேன்.

நேற்றுப் பூசை முடிந்து கோயில் வாசலில் மூன்று பேர் விசாரித்தார்கள். மூவரும் கட்டுரையை வாசிக்கவில்லை. தலைப்பை மட்டும்.

சமையலுக்கு வரும் பாக்கியம் கொண்டுவந்த செய்தி இன்னும் மோசம். அவளுடைய அக்காள் மகள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அங்கே ஓய்வறையில் பேச்சாம்.

"பூமிக்கு இழுக்குற சக்தி இல்லைன்னு டீச்சரம்மா எழுதிப்புட்டாங்களாம். வயசாயிருச்சுல்ல, பாவம்னு பேசிக்கிறாங்க."

"பாவம் என்றது யார்?"

"எல்லாருந்தாங்க."

இது பகிடியோடு முடிந்தால் பரவாயில்லை. சஞ்சிகையில் வந்தவற்றுள் பத்தைத் தெரிந்தெடுத்து, கல்விக் கந்தோர் ஒரு வாசிப்பு நூல் போடுகிறது. ஊவா மாகாணத்தின் தமிழ்ப் பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் போகும். பெரும்பாலும் தோட்டப் பாடசாலைகள். பட்டியலில் என்னுடையது ஆறாவது. வெள்ளிக்கிழமை தொலைபேசியில் சொன்னார்கள்: "மறுபரிசீலனை." தெரிவுக் குழு 19ஆம் திகதி கூடுகிறது.

அந்தக் கோபத்தில் அன்றைக்கே அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்து முதலாளியிடம் பேசினேன். தமிழ் தெரியாத பிள்ளையைத் தமிழ் அடிக்க வைத்தால் இப்படித்தான் என்றேன். இன்னும் கொஞ்சமும் சொன்னேன்.

செய்ய வேண்டியவை:
1. திருத்தக் குறிப்பு, ஒரு பக்கத்துக்கு மேற்படாமல்.
2. அச்சகத்துக்கு நேரில் போதல்.
3. பேக்கரியில் பாணை வெட்டித் தர வேண்டாம் என்று சொல்லுதல். முழுதாகவே வேண்டும்.

5.3, புதன்

பின்னேரம் இடி. மழை ஊருக்குள் வரவில்லை.

திருத்தக் குறிப்பு எழுத உட்கார்ந்து, கட்டுரை முழுவதையும் மறுபடி எழுதிவிட்டேன். மோசமில்லை.

ரொறன்ரோவிலிருந்து அண்ணன் மகள் ரோசி அனுப்பிய ஆங்கிலச் சஞ்சிகைதான் மூலம். அதில் இரண்டு பக்கம். நான்கு தரம் வாசித்த பிறகே தமிழில் தொட்டேன். சாரம் இங்கே, எனக்காக:

தூரத்தில் ஒரு விண்மீன். அதற்கும் நமக்கும் நடுவே இன்னொன்று மெல்லக் குறுக்கே போகிறது. குறுக்கே போவதன் ஈர்ப்பு, பின்னால் இருப்பதன் ஒளியை வளைத்து நம் பக்கம் கூட்டி அனுப்புகிறது. பின்னால் இருப்பது சில வாரங்கள் பிரகாசமாகிப் பழையபடி மங்குகிறது. நாள்தோறும் ஒளியை அளந்து சதுரக்கோட்டுத் தாளில் குறித்தால் ஒழுங்கான ஒரு மேடு. குறுக்கே போனதற்குக் கோள் இருந்தால், அந்த மேட்டின் மேல் சிறிய முட்டு ஒன்று எழும்பும், சில மணி நேரத்துக்கு, அல்லது ஒரு நாளைக்கு. ஒரே தரம்தான். அதே இரண்டு விண்மீனும் மறுபடி நேர்கோட்டில் வரப்போவதில்லை.

இம்முறை முட்டுகள் பல. அவற்றுள் ஒன்று மட்டும் முதற்கோளின் கணக்குக்குள் அடங்கவில்லை. எப்படிப் போட்டுப் பார்த்தும் அடங்கவில்லை. அந்த அடங்காத ஒன்றுதான் இரண்டாவது கோள். நம்முடைய வியாழனும் சனியும் போல, அளவில் கொஞ்சம் குறைவாக, அதே ஒழுங்கில்.

நான் இதை வாய்விட்டு வாசித்துப் பார்த்தபோது பாக்கியம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டு கோளையும் யாரு பாத்தாங்க?"

"யாரும் பார்க்கவில்லை. பார்க்க முடியாது."

"பாக்காமலே இருக்குன்னு சொல்றாங்களா?"

"ஆமாம்."

"அப்ப அது கோள் சொல்றதுதானுங்களே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்குத் தெரியாமல் அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதைக் கட்டுரையின் முதல் வரியாகப் போடலாமா? வேண்டாம். போடலாம். நாளை தீர்மானம்.

6.3, வியாழன்

போடவில்லை. குழு அதைப் பகிடி என்று எடுத்துக்கொள்ளும்.

7.3, வெள்ளி

தவக்காலம். மீன் இல்லை, பருப்பும் கீரையும். ஒன்பது மணிக்கு அச்சகம்.

படி ஏறும்போதே சொல்ல வேண்டியதை மூன்றாக வகுத்து வைத்திருந்தேன். முதலாளி பண்டாரவளைக்குப் போயிருந்தார். தமிழ் அடிக்கும் கலா பின்பக்கத்தில் ரசீதுப் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கம்ப்யூட்டரின் முன்னால் வேறு ஒருவர்.

"வாங்க டீச்சரம்மா. உக்காருங்க."

"நிற்கிறேன். ஏன் நீ இங்கே இருக்கிறாய்?"

"முதலாளி மாத்திட்டாருங்க. நீங்க போன்ல பேசுனதுக்கு அப்புறம்."

அதை அப்படியே விட்டு என் முதலாவதுக்குப் போனேன். தலைப்பை ஏன் மாற்றினாய்?

"மாத்துனது நான்தாங்க. விண்வெளியில ஈர்ப்பு இல்லைன்னு ஸ்கூல்ல படிச்சேன். ஆளுங்க மெதக்குறாங்கல்ல. நீங்க எழுதுறப்போ கை தவறிருச்சோன்னு நெனச்சேன். ஆனா கேக்காம மாத்தலீங்க."

"யாரைக் கேட்டாய்?"

எழுந்து போய்க் கோப்பை எடுத்து வந்தாள். அச்சடிக்கும் முன் சரிபார்க்க எனக்கு அனுப்பிய பார்வைப்படி, முதற்பக்கம். தலைப்பின் பக்கத்தில் பென்சிலால், சிறிய நேரான கையெழுத்தில்: "ஈர்ப்பில்லை என்று போட்டிருக்கிறேன். சரிங்களா டீச்சர்?" அதன் கீழே சிவப்பு மையில் ஒரு சரி. அதன் கீழே என் சுருக்கொப்பம். திகதியும் போட்டிருக்கிறேன்.

அடுத்த பக்கங்களில் இருபத்தெட்டுத் திருத்தம். ஒற்று விட்டது, முற்றுப்புள்ளி தள்ளி நின்றது, எல்லாம் பிடித்திருக்கிறேன்.

"இதை ஏன் முதலாளியிடம் காட்டவில்லை?"

"காட்டுனா உங்கள கொறை சொல்ற மாதிரி ஆயிருமில்லீங்களா. எங்கம்மாவுக்கு நீங்கதான் கணக்கு சொல்லிக் குடுத்தீங்க."

இரண்டாவதையும் மூன்றாவதையும் சொல்லவில்லை. குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சிலுவைப்பாதைக்குப் போனேன். எத்தனையாவது நிலை என்று இரண்டு முறை தவறிவிட்டது.

8.3, சனி

கண் மங்கல் என்று சொல்லிவிடலாம். எழுபத்தாறு வயதில் எல்லாரும் நம்புவார்கள். ஆனால் கண் நன்றாக இருக்கிறது. போன வருடம் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். இங்கிருந்து எதிர் மலையில் பஸ் போவது தெரிகிறது.

உண்மை: தலைப்பை நான் வாசிக்கவில்லை. நானே வைத்த தலைப்பில் என்ன பிழை வரும் என்ற எண்ணம். பென்சில் குறிப்பு எழுத்தின் அளவைப் பற்றியதாக்கும் என்று நினைத்துச் சரி போட்டேன். நான் மனதில் இருந்ததை வாசித்தேன். தாளில் இருந்ததை வாசிக்கவில்லை. இதற்காக எத்தனை பிள்ளைகளை வகுப்பு வாங்கின் மேல் ஏறி நிற்க வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. மிதப்பவர்கள் ஈர்ப்பு இல்லாததால் மிதக்கவில்லை. விழுந்துகொண்டே இருப்பதால் மிதக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சை முடித்த ஒரு கெட்டிக்காரப் பெண்ணுக்கு இது தெரியவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் இந்த நூல். ஆகவே கட்டுரை போயே ஆக வேண்டும். எனக்காக அல்ல என்று எழுத வந்தேன். எனக்காகவும்தான்.

10.3, திங்கள்

நல்ல வெயில். தலையணைகளைக் காயப்போட்டேன்.

இரண்டு கடிதம். முதலாவது அச்சக முதலாளிக்கு. நான்கு வரி. பிழை என்னுடையது, கலா கேட்டாள், நான் சரி என்றேன், அவளை அவளுடைய இடத்தில் இருத்தவும். கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசித்து, மடித்து, மறுபடி விரித்து வாசித்தார்.

"இதெல்லாம் எழுதித் தரணுமாங்க? வாயால சொன்னா போதாதா?"

"வாயால் சொன்னதில்தான் இவ்வளவும் வந்தது."

கலா கம்ப்யூட்டருக்குப் போய்விட்டாள். என் குடையை எடுத்துத் தந்தாள். மிதப்பதைப் பற்றிச் சொன்னேன், ஐந்து நிமிடம். கேட்டுவிட்டு, "அப்ப விழுந்துக்கிட்டே இருக்காங்க, தரை மட்டும் வரலை" என்றாள். நான் முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. எழுதி வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கடிதம் கந்தோருக்கு, நூலுக்குப் பொறுப்பான திரு. நடேசனுக்கு. ஆறு தரம் எழுதிக் கிழித்தேன். முதல் ஐந்திலும் 'ஆயினும்' என்ற சொல் வந்தது. ஆறாவதில் இல்லை.

12.3, புதன்

கந்தோர். பதினொரு மணிக்கு வரச் சொன்னார், பதினொன்றரைக்குக் கூப்பிட்டார். நடேசன் யாழ்ப்பாணத்துக்காரர். மரியாதையானவர். மேசை மட்டும் ஒழுங்கில்லை.

"வாங்கோ ரீச்சர், இருங்கோ. கடிதம் வாசிச்சனான். இதென்னத்துக்கு ரீச்சர்? பிரஸ்காரற்ற பிழையெண்டு ஒரு திருத்தம் போட்டால் முடிஞ்சுது."

"பிரஸ்காரரின் பிழை அல்ல."

"சரி, வயசுக்குக் கண் மங்கினதெண்டு விடுவம். ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்."

"கண் மங்கவில்லை. கவனிக்கவில்லை."

கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு உண்மையான ஆட்சேபணை வெளியே வந்தது. தலைப்பு ஒரு சாட்டுத்தான்.

(அ) வில்லை என்ற சொல் வேண்டாம். "லென்ஸ் எண்டு போடுங்கோ. வில்லையெண்டால் எங்கட அம்மா தலைவலிக்குப் போடுறது." பாடத்திட்டத்திலேயே வில்லைதான் என்றேன். கொன்வென்ட்டில் நான் படித்தது ஆங்கிலத்தில். தமிழில் படிப்பிக்க வந்தபோது வில்லை எனக்கே புதுச் சொல். முப்பது வயதில் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் மனப்பாடம் செய்தேன். விடமாட்டேன். (பின்பகுதியை அவரிடம் சொல்லவில்லை.)

(ஆ) இரண்டாவது கோளை எடுத்துவிடலாம். "ஒண்டு காணும், ரீச்சர்." ஒன்று எதைக் காணும் என்று ஒரு கணம் விளங்கவில்லை. அவர்களுக்குக் காணும் என்றால் போதும். ஒன்று போதாது என்றேன். ஒன்று இருந்தால் அது ஒரு கோள். இரண்டு இருந்தால் அது ஒரு குடும்பம், நம்முடையதைப் போல. இதுதான் செய்தி.

(இ) கட்டுரையின் முடிவில், இதே முட்டுகளைத் தேடப்போகும் விண்வெளித் தொலைநோக்கியைப் பற்றிய பந்தி வேண்டாம். இன்னும் கடதாசியில் இருக்கும் திட்டம். "நடக்காத விசயத்தைப் பிள்ளையளுக்கு என்னத்துக்கு?"

(ஈ) இதைக் கடைசியாக, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தோட்டப் பிள்ளையளுக்கு உது தேவையோ? முதல்ல கணக்குப் பாடத்தில பாஸ் பண்ணட்டும்."

இப்படி ஒரு சொல் எனக்குப் புதிதல்ல. என் அப்பா தோட்டத்து மருந்தகத்தில் டிஸ்பென்சர். பௌதிகம் உனக்கு எதற்கு, தையல் படி என்று எனக்கும் சொன்னார்கள், அதுவும் அன்பாகத்தான். தையலும் படித்தேன்.

"குழுவில் பத்து நிமிடம் தாருங்கள்" என்றேன்.

"கதைச்சு என்ன செய்யப்போறியள்?"

"கதைக்கப் போவதில்லை. காட்டப் போகிறேன்."

என்ன காட்டுவது என்று அப்போது எனக்கே தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது. தருவதாகச் சொன்னார். வரும் வழியில் மரக்கறிக் கடையில் கரட் வாங்க மறந்துவிட்டேன்.

13.3, வியாழன்

காலையிலிருந்து வில்லை தேடல். காலஞ்சென்ற என் கணவரின் பழைய மூக்குக்கண்ணாடி, பூதக்கண்ணாடி, ஜாம் போத்தலின் அடி. ஒன்றும் சரியில்லை. பூதக்கண்ணாடி நடுவில் குவிக்கிறது, சீராக. ஈர்ப்பு அப்படி அல்ல. நடுவுக்குக் கிட்டப் போகப்போக அதிகமாக வளைக்கும்.

"என்னங்க, கண்ணாடிக் கடை வைக்கப் போறீங்களா?" பாக்கியம்.

மதியம் சும்மா படுத்திருந்தேன். அவர் இருந்திருந்தால் ஒரு தாளில் படம் போட்டுத் தந்திருப்பார். பிழையாகத்தான் போட்டிருப்பார். நான் திருத்தியிருப்பேன். வேலை நடந்திருக்கும்.

14.3, வெள்ளி

கிடைத்தது.

ஒயின் கிளாஸின் அடிப்பாதம். திருமணத்துக்குத் தோட்டத்துத் துரை தந்த ஆறில் மிஞ்சிய ஒன்று. நடுவில் தடித்து, ஓரத்துக்கு மெலியும். தண்டு முறிந்துவிடும் என்று பயந்து பாக்கியம் துடைக்கவே மாட்டாள். துணி சுற்றிச் சுத்தியலால் ஒரு தட்டு, பாதம் தனியே வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யன்னல் சீலையை இழுத்துவிட்டு மெழுகுதிரி ஏற்றினேன். பாதத்தைக் கண்ணுக்கு முன் பிடித்து மெல்ல நகர்த்தினேன். ஒரு சுடர் இரண்டானது. இரண்டும் வளைந்து வில்லானது. நேராக வந்தபோது சுற்றிவர ஒரு வளையம்.

பாக்கியத்திடம் கொடுத்தேன். அவளும் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள்.

"திரி ஒன்னுதானுங்க. வெளிச்சம் எங்கேயிருந்து கூடுது?"

"கூடவில்லை. வேறெங்கோ போகவிருந்த வெளிச்சத்தை இது இந்தப் பக்கம் திருப்புகிறது."

"நம்ம மேல படாம போயிருக்கும். இது பட வச்சிருச்சு."

ஆமாம் என்றேன்.

கோளுக்கு என்ன செய்வது? கண்ணுக்கு மருந்து விடும் குழாயால் பாதத்தின் மேல் ஒரு துளி தண்ணீர். நகர்த்தும்போது ஓரிடத்தில் சுடர் திடீரென்று துள்ளியது. இரண்டாவது துளி, சற்றுத் தள்ளி. இரண்டு துள்ளல். மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும்.

குழுவில் சொல்ல வேண்டியது: இது உவமை மட்டும். கண்ணாடி வேறு, ஈர்ப்பு வேறு. சொல்லாவிட்டால் அடுத்த தவறான எண்ணத்தை நானே விதைப்பேன்.

15.3, சனி

சூசையப்பர் திருநாளை இந்த வருடம் இன்றைக்கே வைத்துவிட்டார்கள். 19 பெரிய வாரத்துக்குள் விழுகிறது. என் கணவருடைய பெயரும் யோசேப்பு, ஆகவே அவருக்காக ஒரு பூசைக் கருத்துக் கொடுத்தேன். மழை.

16.3, குருத்தோலை ஞாயிறு

பவனி நீண்டுவிட்டது, முழங்கால் வலி. வாசலில் பிலோமினா, என்னோடு படிப்பித்தவள், பத்துப் பேர் நடுவில்:

"மிஸ், ஈர்ப்பு வில்லையில புவி போனா ஈர்ப்பில்லை. கணக்கு சரிதானேங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். பகிடி நல்ல பகிடி. பு, வி. எனக்குத் தோன்றவில்லையே என்றுதான் ஆற்றாமை.

"சரிதான். அதைத் தொலைத்தது நான். பிள்ளை பென்சிலால் கேட்டிருந்தாள். நான் வாசிக்காமல் கையொப்பம் வைத்துவிட்டேன்."

சிரிப்பு நின்றது. பிலோமினாவுக்கு ஓலையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிறகு கூடவே நடந்து வந்தாள், பஸ் நிலையம் வரைக்கும். அந்த இரண்டு கோள்களைப் பற்றிக் கேட்டாள். முதன்முதலாக ஒருவர் கட்டுரையைப் பற்றிக் கேட்டது இன்றைக்குத்தான்.

18.3, செவ்வாய்

கொண்டுபோக வேண்டியவை: பாதம் (கைலேஞ்சியில் சுற்றி), மெழுகுதிரி 2, தீப்பெட்டி, மருந்துக் குழாய், சதுரக்கோட்டுத் தாளில் வளைகோடு, கலாவின் பார்வைப்படி. திருத்திய கட்டுரை, ஐந்து பிரதி. கலா அடித்துத் தந்தாள். இம்முறை தலைப்பை எழுத்தெழுத்தாக விரல் வைத்து வாசித்தேன். பிறகு அவளை வாசிக்கச் சொன்னேன். பிறகு முதலாளியை.

சேலை: சாம்பல் நிறம். நீலம் பெருமையாகத் தெரியும்.

19.3, புதன்

காலையிலிருந்து குளிர்.

ஐந்து பேர். தொடக்கத்திலேயே பார்வைப்படியை மேசையில் வைத்து, என் சிவப்புச் சரியைக் காட்டி, "பிழை இது, என்னுடையது" என்றேன். நடேசன் பேனையின் மூடியைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு யன்னல்களைச் சாத்தச் சொன்னேன். ஒவ்வொருவராகப் பாதத்தை வாங்கிப் பார்த்தார்கள். நடேசன் கடைசி. வளையம் வந்தபோது "உது வடிவாயிருக்கு" என்றார், தன்னை மறந்து. துளிகளை வைத்துக் கொடுத்தேன். இரண்டாவது துள்ளலைக் கண்டதும் பாதத்தைத் திருப்பித் தராமல் மறுபடி நகர்த்திப் பார்த்தார். ஒன்று காணும் என்று இம்முறை சொல்லவில்லை.

பசறைப் பக்கத் தோட்டப் பாடசாலை அதிபர் செல்வராஜ் விடவில்லை. நல்ல மனிதர், நல்ல கேள்வி.

"ஒரு தடவதான் வரும், திரும்ப வராதுங்குறீங்க. அப்புறம் எப்படிங்க நம்புறது? யாரோ ஒருத்தர் தூக்கக் கலக்கத்துல பாத்திருக்கலாம்ல?"

"ஒருவர் பார்க்கவில்லை. பல நாடுகளில் பார்த்தார்கள். ஒருவருக்கு விடியும்போது அடுத்தவருக்கு இருட்டும். கொழுந்து மலையில் இந்தக் கங்காணிக்கு மறைந்தது அந்தப் பக்கத்துக் கங்காணிக்குத் தெரியும், அதுபோல. பொழுதுபோக்காகப் பார்ப்பவர்களும் அளந்து கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் குறித்தால் வளைகோடு ஒன்றே."

"நடுவுல வானம் மப்புப் போட்டுட்டா?"

"அந்த மணி நேரம் போய்விடும். திரும்ப வராது. ஒரு கோள் அங்கே இருந்திருந்தால் அதுவும் போய்விடும்."

இதற்காகவே காத்திருந்தேன். யன்னலைத் திறக்கச் சொன்னேன். வெளியே பனி, எதிர்க்கட்டிடமே தெரியவில்லை. "நமுனுகுல உச்சியில் நிற்பவருக்கு இந்தப் பனி காலுக்குக் கீழே கிடக்கும். விண்வெளியில் வைக்கப் போகும் தொலைநோக்கி அப்படி. மப்பு இல்லை, விடியல் இல்லை, காற்றில் மினுங்குவதும் இல்லை. பால்வீதியின் நடுப்பக்கம் விண்மீன்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தை மாதக்கணக்கில் கண் எடுக்காமல் பார்க்கும். இப்போது தப்பிப் போகும் சிறிய முட்டுகளும் அகப்படும். பெரிய கோள்களோடு பூமியளவுக் கோள்களும். ஒன்று அல்ல, குடும்பம் குடும்பமாக. இன்னும் கட்டவில்லை என்பது உண்மை. கட்டும்போது இன்றைக்கு எட்டாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைக்கு வேலை செய்யும் வயது. அதனால்தான் அந்தப் பந்தி."

ஒரு அம்மா, சித்திர ஆசிரியை, அதுவரை பேசாதவர், "அந்த நடுப்பக்கம் நமக்குத் தெரியுமாங்க, இங்கேயிருந்து?" என்றார்.

தெரியும். தனுசுப் பக்கம். ஆனி, ஆடியில் முன்னிரவிலேயே தென்திசையில் நன்றாக மேலே நிற்கும். அந்த மாதங்களில்தான் உலகத்தில் எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். அந்த மாதங்களில் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழை, எங்களுக்குக் கச்சான் காற்றும் வறண்ட வானமும். தேயிலைக்கு வாசனை வருவதே அந்தக் காற்றில்தான் என்று எல்லாருக்கும் தெரியும். வானமும் அப்போதுதான் துடைத்தாற்போல் இருக்கும் என்று ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

செல்வராஜ் சிரித்தார். "நம்ம பக்கம்தான் நல்ல எடமா. இத எழுதலையே மிஸ் நீங்க."

எழுதவில்லை. இவ்வளவு வருடம் இங்கேயே இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. பேசும்போதுதான் வந்தது.

தீர்மானம் இல்லை. நடேசன் வாசல் வரைக்கும் வந்தார். "பாப்பம் ரீச்சர். நல்லா இருந்தது. பாப்பம்." நாற்பது வருடமாகக் கந்தோர்களில் 'பார்ப்போம்' கேட்டிருக்கிறேன். இந்தப் 'பாப்பம்' கொஞ்சம் வேறு மாதிரி ஒலித்தது. ஆனால் ஒலியை நம்பி இருக்கப் போவதில்லை.

20.3, பெரிய வியாழன்

நாளை பெரிய வெள்ளி, பௌர்ணமிப் போயா விடுமுறையும் சேர்ந்து வருகிறது. கந்தோர் பூட்டு, தபாலும் இல்லை. பிறகு சனி, ஞாயிறு. ஆகவே இன்றைக்கே. பாக்கியம் பன்னிரண்டு மணிக்கு முன் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். பிரதி இங்கே:

திரு. நடேசன் அவர்களுக்கு,

நேற்றுத் தந்த நேரத்துக்கு நன்றி. கட்டுரையைச் சேர்ப்பதாயின் பின்வருமாறு சேர்க்க வேண்டுகிறேன்.

1. தலைப்பு: ஈர்ப்பு வில்லை. இரண்டு சொல், நடுவில் இடைவெளி. லென்ஸ் என்று மாற்ற வேண்டாம்.

2. இரு கோள்களும் இருக்கட்டும்.

3. விண்வெளித் தொலைநோக்கிப் பந்தி இருக்கட்டும். "திட்டம் மட்டுமே, இன்னும் கட்டப்படவில்லை" என்று தெளிவாகச் சேர்த்துள்ளேன்.

4. ஊவாவின் வறண்ட மாதங்களில் தனுசுப் பக்கத்தை எப்படிப் பார்ப்பது என்று ஒரு புதிய பந்தி இணைத்துள்ளேன். இதைக் கேட்டவர்கள் தங்கள் குழுவினர்.

5. மிதப்பவர்கள் பற்றி ஒரு வரி சேர்ந்துள்ளது. அது அச்சகத்தில் தமிழ் அடிக்கும் கலாவின் சொற்கள். அவருடைய பெயரை அடிக்குறிப்பில் இடவும்.

6. நூலின் பார்வைப்படியை என்னிடம் தந்தால், இன்னொருவரும் வாசித்து ஒப்பமிட்ட பிறகே திருப்பித் தருவேன்.

சேர்க்க முடியாதாயின் காரணத்தை அறிய விரும்புகிறேன். எதுவாயினும் தொலைபேசியில் வேண்டாம். எழுத்தில் பதில் தரவும்.